பி.பி. நம்பர் அக்கா

அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளிலும் விசிட்டிங் கார்டுகளிலும் போன் நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து இருக்கும். எங்கள் வீட்டில் போன் கிடையாது, இது பக்கத்து வீட்டு நம்பர், அவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். துடியலூரில் நான் குடியிருந்த வீதி முழுமைக்கும் ஒரே ஒரு போன்தான். அது அக்கா வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில், பின்னல் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். மோட்டார் பம்ப் கடையில் சேல்ஸ்மேன், கல்யாணம் ஆகாதவன், பயந்தாங்கொள்ளி. இந்த மூன்றில் கடைசித் தகுதியை மட்டும் இன்றுவரை விடாமல் காப்பாற்றி வருகிறேன்.

அக்காவுக்கு என் அம்மா வயது. வீதியே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். ஒல்லியான உடம்பு, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மற்ற ஊர்களில் பி.பி. வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் சாயங்காலம் ஞாபகம் வந்தால் சொல்வார்கள். அக்கா அந்த ரகமில்லை. மணி அடித்தால் சேதியைக் கேட்டுக்கொள்வார், அடுப்பை அணைப்பார், செருப்பைப் போடுவார், கிளம்பிவிடுவார். ஆள் வீட்டில் இல்லையென்றால் ரேஷன் கடைக்குப் போவார். அங்கேயும் இல்லையென்றால் மில் வாசலுக்குப் போவார்.

"ஏனுங்க்கா இப்படி ஓடறீங்க? வந்ததும் சொன்னாப் போதாதுங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்தவங்க ஊட்டுக் கொழந்தையக் கையில வெச்சிருக்கறாப்பல இருக்குது கண்ணு. அவங்கவங்க கையில குடுத்தாத்தான் எனக்கு மூச்சு வரும்."

அவருடைய வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "இவளுக்குப் போன் குடுத்தது தந்தி ஆபீசுக்குப் பண்ணுன துரோகம் தம்பி" என்பார்.

அந்தக் குழந்தை ஒருநாள் என் கைக்கும் வந்தது. காந்திபுரத்தில் கடையில் ஒரு உடுமலைப்பேட்டை விவசாயிக்கு மோட்டாரின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் கறுப்புக் குடை. துடியலூரிலிருந்து பஸ் ஏறி அக்கா வந்திருக்கிறார். என் அம்மாவும் உடுமலைப் பக்கம்தான், தோட்டத்தில் தனியாக இருந்தார். அம்மா போய்விட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். விற்க வேண்டிய மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விவசாயி துண்டால் எனக்கு விசிறினார்.

"உங்கம்மா போன் பண்ணுனாங்க கண்ணு."

"என்னாச்சுங்க்கா? சொல்லுங்க்கா!"

"ஒண்ணும் விசேசமில்லீன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க."

விசேஷமில்லை என்கிற செய்தி டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தது. விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மோட்டாரைப் பத்திச் சொல்றப்பவே மயங்கி உழுகறாரு. தண்ணி தூக்குமோ இல்லையோ, ஆளைத் தூக்கிருமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு என் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். அதற்கப்புறம் வீதி முனையில் திரும்பும்போதே குடையைத் தூக்கிப் பிடித்து, "நல்லதுதானுங்கோ!" என்று குரல் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் போன் நம்பர் கொடுத்திருந்த வீடுகள் எல்லாம் மூச்சு விடும். ஒருநாள் பல்வலியில் கன்னம் வீங்கி, சத்தம் போட முடியாமல் பேசாமல் நடந்து வந்தார். அவர் தன் வீட்டுப் படியேறுவதைப் பார்த்த ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சைகையில் புரியவைப்பதற்குள் அக்காவுக்குப் பல்வலியே நின்றுவிட்டது.

இதைப் படித்தால் ஏதோ சந்தோஷமான அவசரக்காரி என்று தோன்றும். அப்படியில்லை. சேதியைச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அக்காவுக்கு அடுத்த அவஸ்தை ஆரம்பிக்கும். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போன ஒருவர் போனில், "செத்தாலும் உன்ற மூஞ்சில முழிக்கமாட்டேன்னு சொல்லிருங்க" என்றார். அக்கா போய் அந்தப் பெண்ணிடம், ஒரு எழுத்து குறையாமல், மரியாதை மட்டும் கூடச் சேர்த்து, "செத்தாலும் உங்க மூஞ்சில முழிக்கமாட்டாராமுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு என் அறைக்கு ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறைச்சிருக்கோணுமோ? மறைச்சா அது அவரு சொன்ன சேதியாகுமா? கொஞ்சம் நைசாச் சொல்லியிருக்கலாம். நைசாச் சொன்னா அது பொய்யில்லையா? நாஞ் செஞ்சது சரிதானா கண்ணு?"

"சரிதானுங்க்கா" என்றேன், கிரிக்கெட் ஸ்கோரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கேள்வி வரும். இதே பதில்தான். திருப்பூர்க்காரர் மூன்றாம் நாள் பூவோடு வந்து அதே மூஞ்சியில் முழித்தார். அக்காவுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் தீரவே இல்லை. "சொன்னாலும் தூங்கமாட்டா, சொல்லாட்டியும் தூங்கமாட்டா" என்பார் ஃபிட்டர்.

கவிதாவின் கல்யாணம் வந்தது.

எதிர் வீட்டு லேத் பட்டறைக்காரரின் ஒரே மகள் கவிதா. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்டபம். பட்டறைக்காரருக்கு ஒரே அண்ணன், தாராபுரத்தில் இருந்தார். அப்பா இல்லாத தம்பியைப் படிக்கவைத்து, லேத் வாங்கிக் கொடுத்து ஆளாக்கியவர். பிள்ளையில்லாத அந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் கவிதாதான் மகள் மாதிரி. அண்ணன் வாதம் வந்து படுத்துவிட்டதால் இருவராலும் கல்யாணத்துக்கு வரமுடியவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் என் கதவு தட்டப்பட்டது.

"கண்ணு, முழிச்சிருக்கறயா?"

கதவைத் திறந்தேன். அக்கா. 'நல்லதுதானுங்கோ' இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மாவுங்களா?"

"உங்கம்மா இல்லை."

அந்த ஒரு நொடியில், உலகத்தில் வேறு யார் செத்திருந்தாலும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தாராபுரத்துப் பெரியவரு போயிட்டாரு" என்றார் அக்கா.

போன் பண்ணியது அண்ணிதான், பக்கத்து வீட்டிலிருந்து. தம்பிக்கு இப்போது சொல்ல வேண்டாம், தாலி கட்டி முடிந்ததும் சொல்லிவிடுங்கள், அவர் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னாராம். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாராம்: "வாய்விட்டு அழுகாம உக்காந்திருக்கறனுங்க. சத்தம் கேட்டா வீதிச் சனம் கூடிரும். கல்யாணத்துக்கு வேன்ல கெளம்பற ஒறம்பரைக்குத் தெரிஞ்சுபோயிரும்."

தெரிந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. சேதி மண்டபத்துக்கு வந்துவிட்டால் தாலி கட்ட முடியாது. பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு 'கல்யாணம் நின்னுபோனவ' என்கிற பெயர் ஆயுசுக்கும் நிற்கும். தெரியாமல் நடந்துவிட்டால் ஒரு குற்றமும் இல்லை. சாவு ஒன்றுதான். அது யார் காதில் எப்போது விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் காதுக்கு வழி அக்காவின் வாயாக இருந்தது.

"வந்த சேதியை நான் வெச்சிருந்ததே இல்ல கண்ணு. இப்பச் சொன்னா அந்தப் புள்ள வாழ்க்கை. சொல்லாட்டி, கூடப்பொறந்தவன் செத்தது தெரியாம அந்த மனுசன் சந்தனம் பூசிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கோணும். நாளைக்கு அதை நெனைச்சா அவரு மனசு என்ன பாடுபடும்? எது சரி?"

என் வழக்கமான பதிலை ஒட்டவைக்க இந்தக் கேள்வியில் இடமே இல்லை.

"எனக்கு எப்படிங்க்கா தெரியும்?"

"நீ படிச்சவனாச்சே."

"பி.காம்.தானுங்க்கா. அதுல இது வரலீங்க."

அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது ஒரு வியாதி.

"அந்தம்மாவே சொல்லிட்டாங்களே, தாலி கட்டற வரைக்கும் வேண்டாம்னு. அப்படியே செஞ்சரலாமுங்க."

"அவங்க சொன்னது அவங்களோட. செய்யப்போறது நான். அதுக்கு நாந்தானே கண்ணு பதில் சொல்லோணும்?" என்றவர், "சரி, குளிச்சுப்போட்டு வா. போகாட்டிச் சந்தேகம் வரும்" என்று இறங்கிவிட்டார்.

மண்டபத்தில் அக்கா ஒரு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாய் நிறைய வெற்றிலையைத் திணித்துக்கொண்டார். வாய்க்குப் பூட்டு. எனக்கு அப்படி ஒரு பூட்டும் இல்லை. வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலையை வேறு என்னிடம் முன்பே ஒப்படைத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவர் முகத்திலும், 'இவருக்குத் தெரியுமோ?' என்று தேடினேன். என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டு, உரித்தாலும் வரமாட்டேன் என்றது. தாராபுரம் வேன் வந்து நின்றது. வேட்டியும் சேலையுமாக உறவுக்காரர்கள் கலகலப்பாக இறங்கினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணி அவ்வளவு சுத்தமாக அழாமல் இருந்திருக்கிறார். என் கை தானாகவே செம்பை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங் தம்பி, பன்னீர் தெளிக்கறீங்களா, பருத்திக்கு மருந்தடிக்கறீங்களா?" என்றார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்டறைக்காரர் வாசலுக்கு வந்தார். பட்டுச் சட்டை, தோளில் பட்டுத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். அக்காவைப் பார்த்துவிட்டார்.

"அட, அக்கா! ஏன் பொட்டாட்டப் பேசாம ஓரமா உக்காந்துட்டீங்க? இன்னைக்கு நல்ல சேதி ஒண்ணும் கொண்டாரலீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா வெற்றிலையை விழுங்கினார்.

"கல்யாண ஊட்டுல நல்ல சேதிக்கு என்னங் கொறை?"

"அதுஞ் சரிதான். தாராபுரத்துல இருந்து போன் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

நான் தெரு மரத்தைப் பார்த்தேன். மரம் அசையவில்லை.

"வந்துச்சுங்க."

"அண்ணி பேசுனாங்களா?"

"அவங்கதானுங்க. கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்னு சொன்னாங்க."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கம்பியின் மேல் நடக்கிறவரை அண்ணாந்து பார்க்கிற மாதிரி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க ரெண்டு பேரும் இல்லாதது எனக்கு ஒரு கை இல்லாதமாதிரி இருக்குதுங்க்கா. தாலி கட்டுனதும் பொண்ணு மாப்பிள்ளைய மொதல்ல அங்கதான் கூட்டிப் போறேன். அண்ணன் எப்படி இருக்காராமா?"

அக்காவின் வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். திறந்தால் உள்ளே இருப்பதை இறக்கி வைக்காமல் மூடாது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடிப்போயிருப்பேன். பன்னீர்ச் செம்போடு அப்படியே முன்னால் பாய்ந்தேன். செம்பும் சந்தனக் கிண்ணமும் நானும் சேர்ந்து பட்டறைக்காரர் மேல் கவிழ்ந்தோம்.

"அட கெரகமே! என்ன தம்பி, கண்ணு தெரியலீங்களா?"

"வழுக்கிப்போட்டுதுங்" என்றேன், இன்னமும் சிரித்தபடி.

மேடையிலிருந்து அவர் மனைவி, "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, அங்க என்னங்க ஹோலிப் பண்டிகை?" என்று கத்தினார். அவர் சட்டையை மாற்ற ஓடினார்.

"நீ ஏன் கண்ணு கொட்டுனெ?" என்றார் அக்கா மெதுவாக.

"நீங்க சொல்லிருவீங்கன்னுதானுங்க்கா."

"என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது." குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்காருன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைச் சீர் செய்து நடத்திவைக்கிற அருமைக்காரப் பெரியவர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. அக்கா எழுந்து நின்று, கையிலிருந்த அரிசியைக் கடைசி மணி வரைக்கும் உதறி, கவிதாவின் தலையை மட்டும் பார்த்துப் போட்டார். மேளச் சத்தம் அடங்குவதற்குள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "சித்தெ இருங்க்கா. பந்தி ஆரம்பிச்சாச்சு. அவரு ஒரு வாய் சாப்பிட்டுக்கட்டும்."

"பொறவு சொல்லலாமா?"

"போட்டோ எடுத்து முடிச்சரட்டுமுங்க."

"அதுக்கும் பொறவு?"

"பொண்ணும் மாப்பிள்ளையும் கெளம்பட்டுமுங்க்கா. சந்தோசமா அனுப்பி வெக்கட்டும்."

என் திட்டப்படி போயிருந்தால் பட்டறைக்காரருக்குச் சேதி தீபாவளிக்குத்தான் கிடைத்திருக்கும். அவர் மேல் இருந்த இரக்கம் ஒரு பங்குதான். அவர் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் மீதி.

அக்கா என்னை விலக்கினார். "அங்க ஒருத்தி புருசனைப் பக்கத்துல போட்டுக்கிட்டு அழுகாம உக்காந்திருக்கறா கண்ணு. இங்க அப்பளம் தின்னு முடிக்கட்டும்ங்கறயா?"

காய்கறி அடுக்கியிருந்த அறைக்குப் பட்டறைக்காரரைத் தனியாக அழைத்துப் போனார். நான் வாசற்படியில் காவல். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணன் தவறிட்டாருங்க. நீங்க போய்த்தான் எடுக்கோணும்" என்றார்.

பட்டறைக்காரர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார். வெளியே பந்தியில் யாரோ ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்பங்க?"

"விடியறதுக்கு முந்தி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவேங்க."

"நான் கேட்டனே."

"கேட்டீங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணிதானுங்க சொல்ல வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தேன். அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அவங்க சொன்னாங்க. சொல்லாம இருந்தது நானுங்க."

அவர் அக்காவை வெகுநேரம் பார்த்தார். கும்பிடப் போகிறாரா, அடிக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் நடக்கவில்லை. எழுந்து, தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நெற்றிச் சந்தனத்தைப் புறங்கையால் துடைத்தார். "கவிதாவோட அம்மாகிட்டப் பொறவு நான் சொல்லிக்கறேன். புள்ளைக்கு இப்பத் தெரிய வேண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின் வாசல் வழியாகக் காருக்குப் போனார். அதற்குப் பிறகு நான் அந்த வீதியில் இருந்த வரைக்கும் அந்த நாளைப் பற்றி அவர் அக்காவிடம் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது. போன் வந்தால் வருவார், பேசுவார், போவார்.

கார் ரோட்டில் ஏறியதும், "பூத்து எங்க இருக்குது கண்ணு?" என்றார் அக்கா. மண்டபத்துக்கு நாலு கடை தள்ளி எஸ்.டி.டி. பூத். விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டு நம்பரை அண்ணியிடம் கேட்டு வைத்திருந்தார். எண்களைச் சுழற்றியது நான். அந்தப் பக்கம் எடுத்தவர், அண்ணியைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரிசீவரை அக்காவிடம் கொடுத்து, கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காத்திருந்தோம். தாராபுரத்தில் யாரோ செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

"அம்மிணி, நாந்தானுங்க" என்றார் அக்கா. "தாலி கட்டியாச்சுங்க. புள்ள நல்லா இருந்துச்சுங்க. அவருகிட்டச் சொல்லிப்போட்டேன். கார்ல கெளம்பிட்டாருங்க."

ரிசீவரை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இனி நீங்க அழுகலாமுங்க."

அதற்கப்புறம் அக்கா பேசவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்து, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். நான் கதவைச் சாத்தினேன். பூத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா ஒண்ணுமே பேசலீங்களே தம்பி. மீட்டர் ஓடிக்கிட்டிருக்குது. வெச்சரச் சொல்லுங்க" என்றார்.

"ஓடட்டுமுங்க" என்றேன். "அந்தப் பக்கம் பேசறாங்க."